ஓரத்தில் நிற்கும் அளவுகள்

மார்ச் 4

ஒரே வாக்கியத்தோடு ஒரு நாள் கழிந்தது. இரத்தம் உறையாமல் காக்கும் எங்கள் நிறுவனத்தின் மாத்திரை புதிய கலவையில் வரவிருக்கிறது, பழையது நிறுத்தப்படும். “இரண்டும் சமம்” என்று மாத்திரைப் பெட்டிக்குள் வைக்கும் துண்டுத்தாளில் அச்சிட, சட்டப் பிரிவில் இருக்கும் எனது ஒப்புதல் வேண்டும். சராசரிகள் சமம்தான். பிறகு ஏன் தயங்குகிறேன்? இதய வால்வு மாற்றியதிலிருந்து என் மனைவி விழுங்குவது இதே மாத்திரை.

மார்ச் 5

புள்ளியியல் அம்மையார் விளக்கினார். பழையதை உண்ட குழு, புதியதை உண்ட குழு - இரண்டின் இரத்த அளவுகளையும் ஒரே வரிசையில் நிறுத்தி, இரு ஓரங்களிலிருந்தும் உள்நோக்கித் தரவரிசை எண் இட்டிருக்கிறார். பழைய மாத்திரை நடுவில் கூடி நிற்கிறது. ஓரங்களில் பெரும்பாலும் புதியதே: சிலருக்கு மிகை, சிலருக்குக் குறை.

மிகப் பெரிய அளவு ஒன்றை நீக்கிவிடச் சொல்கிறாராம் மேலாளர். “நீக்கினாலும் கதை மாறாது சார். அது எவ்வளவு பெருசா இருந்தாலும் எனக்கு வரிசையில ஒரு இடம், அவ்வளவுதான்” என்றார் அம்மையார்.

மார்ச் 6

எந்த மருந்தென்று கூறாமல் மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். வெங்காயம் நறுக்கியபடியே கேட்டாள்: “அதைச் சாப்பிடறவங்க சராசரியா உயிரோட இருப்பாங்களாக்கும்?”

மார்ச் 9

மாறுபாட்டைக் குறிப்பிடும் வாக்கியம் ஒன்றைச் சேர்த்தேன். “ஆகையினால்னு எவன் சார் மாத்திரைத் தாள்ல எழுதுவான்?” என்றார் மேலாளர். முறைப்படி, என் மனைவி அம்மருந்தை உண்பவள் என்பதையும் தெரிவித்தேன்.

“நீங்களே சொல்லிட்டீங்க. இனி இந்தக் கோப்பை நீங்க தொடறது முறையில்லையே.”

கோப்பை ஒப்படைத்தேன். நான் கற்ற முறைதான் அது. வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா? யாரு கேட்டா என்னை?

மார்ச் 10

இனி எனக்குக் கிடங்குக் குத்தகை ஒப்பந்தங்கள்.

மார்ச் 23

மின்தூக்கியில் அம்மையார். “உங்க வாக்கியத்தை எடுத்தா என் கையெழுத்தையும் எடுத்துடுங்கன்னு மேலாளர்கிட்ட சொல்லிட்டேன் சார்.” முடிவு என்னவாயிற்று? கேட்க எனக்கு உரிமையில்லை, கேட்கவில்லை.

செப்டம்பர் 17

மருந்துக்கடையில் புதிய மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மனைவி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு துண்டுத்தாளை உரக்கப் படித்தாள்: “‘இம்மாத்திரையின் விளைவு ஆளுக்கு ஆள் கூடுதலாக மாறுபடக்கூடும், ஆகையினால், மாறிய முதல் வாரங்களில் இரத்தப் பரிசோதனையை அடிக்கடி...’ யாரோ உங்களை மாதிரியே இழுத்து இழுத்து எழுதியிருக்கான், பாருங்க.”

பார்த்தேன். மிகச் சிறிய எழுத்து.

பரிசோதனைக்கு நேரம் கேட்க அவள் தொலைபேசியை எடுத்தாள்.