'இல்லை'யில் நிற்கும் வெளிச்சம்

அக்கா,

இன்றைக்குக் காலையில் கீபோர்டைத் துடைக்கும்போது, எஃப் எட்டு பட்டன் மேல் ஒட்டியிருந்த சிவப்புப் பொட்டு துணியோடு வந்துவிட்டது. நீங்க ஒட்டியது. ஓரமெல்லாம் பஞ்சு அப்பி, பொட்டென்றே தெரியவில்லை. அதை மேசை ஓரத்தில் எடுத்து வைத்தேன். அப்புறம் என் பொட்டு அட்டையில் புதிதாக ஒன்றை உரித்து அதே இடத்தில் ஒட்டினேன். ஒட்டும்போது சிரிப்பு வந்துவிட்டது. "சர்ச்சுக்குப் போற நான் என் நெத்தியில வைக்காத பொட்ட, கம்ப்யூட்டருக்கு வைக்கேன் பாரு" என்று நீங்க அன்றைக்குச் சொன்னது ஞாபகம் வந்தது.

நாம் இரண்டு பேரும் இந்த எம்பிராய்டரி யூனிட்டில் நின்றபடி துணியில் நூல் பிசிர் வெட்டிக்கொண்டிருந்தவர்கள். கம்ப்யூட்டர் பார்த்தவர் வேறு கம்பெனிக்குப் போய்விட, ஆள் கிடைக்கும்வரை பார்த்துக்கோங்க என்று முதலாளி அண்ணன் நம்மை அங்கே உட்கார வைத்தார். உங்களுக்கு இடுப்பு வலி. உட்கார நாற்காலி கிடைத்ததே பெரிசு என்றீங்க.

ஆனால் மவுஸ் நிற்கவில்லை. பனியன் பஞ்சு உள்ளே போய் உருண்டையைச் சுற்றிக்கொள்ளும். இந்தப் பக்கம் இழுத்தால் அம்பு அந்தப் பக்கம் ஓடும். மவுஸ் வாங்கி வாங்கி அலுத்துப்போன அண்ணன், மெஷின் சர்வீஸுக்கு வந்தவரிடம் மவுஸே வேண்டாத மாதிரி ஏதாவது செய்யுங்க என்றார். அவர் எதையோ ஏற்றிவிட்டுப் போனார். கறுப்புத் திரையில் இரண்டு எழுத்து அடித்து என்டர் தட்டினால், நீலமாக, நடுவில் தடுப்புப் போட்ட ஊடு மாதிரி இரண்டு பாதியாக வரும். இடது பக்கம் கம்ப்யூட்டரில் இருக்கிற டிசைன்கள். வலது பக்கம் எம்பிராய்டரி மெஷினுக்குக் கொண்டுபோய்ப் போடுகிற பிளாப்பித் தட்டு. எஃப் அஞ்சு அமுக்கினால் இங்கே இருப்பது அங்கேயும் போகும். எஃப் எட்டு அமுக்கினால் அழியும். எந்தப் பக்கம் வெளிச்சப் பட்டை நிற்கிறதோ, அந்தப் பக்கத்தில்தான் எல்லாம் நடக்கும்.

எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும். உங்களுக்கும் அதுதான். சாப்பாட்டு நேரத்தில் மேலே இருக்கிற மெனுவைத் திறந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தோம். பேர் வரிசையில் இருந்ததை, புதிதாக வந்தது மேலே நிற்கிற மாதிரி மாற்றினீங்க. அன்றைக்குப் பேரைத் தேடுகிற பாடே இல்லை. மறுநாள் பார்த்தால் எல்லாம் பழையபடி கிடந்தது. அதைச் சேமித்து வைக்கத் தனியாக ஒரு வரி இருக்கிறது என்று கண்டுபிடித்ததும் நீங்க தக்காளி சாதத்துக் கையோடு என் தோளில் தட்டினீங்க. அந்தக் கறையோடுதான் ஊட்டுக்குப் போனேன்.

பிளாப்பியில் இடம் கொஞ்சம்தான். பழையதை அழித்தால்தான் புதியது ஏறும். ஒருநாள் அப்படி அழிக்க உட்கார்ந்தேன். எஃப் எட்டைத் தட்டியதும் சிவப்புப் பெட்டி வந்து, அழிக்கட்டுமா என்று கேட்டது. என் விரல் என்டருக்குப் போய்விட்டது. நீங்க மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினீங்க. வெளிச்சம் பிளாப்பிப் பக்கம் இல்லாமல் இடது பக்கம் நின்றிருந்தது. அழிய இருந்தது, குழந்தைகள் சட்டைக்கு வந்த யானைக்குட்டி டிசைன், ஆர்டர் கொடுத்த பையர் பார்த்து ஓகே சொன்னது, நம்மிடம் இருந்த ஒரே காப்பி.

"ஏளா, அது கேள்வியல்லா கேக்கு. நீ படிக்காமலே சரின்னு சொல்லுதே."

யாராவது கேட்டால் எங்க பக்கம் மூஞ்சிக்கு நேராக இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லீங்க அக்கா என்றேன். பெட்டி கேட்டாலும் அப்படித்தான் வாய்க்கு முன்னால் விரல் போகிறது. நீங்க சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. "பெட்டிக்குக்கூட மரியாதையா. நல்ல ஊருளா உங்க ஊரு."

அந்த வாரமே சர்வீஸ்காரருக்குப் போன் போட்டுக் கேட்டீங்க. அவர் சொல்லச் சொல்ல மெனுவுக்குள் போய், ஒரு சின்னக் கட்டத்துக்குள் டிக் அடித்தீங்க. அதிலிருந்து அழிக்கட்டுமா என்று கேட்கும்போது வெளிச்சம் முதலில் 'இல்லை'யில்தான் நிற்கும். ஆமாம் என்று சொல்ல வேண்டுமென்றால் நாமாக நகர்த்த வேண்டும். கூடவே, பார்த்து அமுக்கு என்று எஃப் எட்டு மேல் அந்தப் பொட்டையும் ஒட்டினீங்க.

அப்புறம் நீங்க வயிற்று ஆபரேஷனுக்குப் போனீங்க. ஷிப்மென்ட் நெருக்கடி. அண்ணன் வந்து என் பக்கத்தில் நின்றார். "அக்காவும் வரலை. நீ மறுபடி பிசிர் வெட்டப் போயிக்கறயா கண்ணு? இங்க வேற ஆளைப் போட்டுக்கறேன்."

சரிங்க என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் நீங்க திரும்பி வரும்போது அந்த நாற்காலி இருக்காது. தையல் போட்ட வயிற்றோடு நாளெல்லாம் நிற்க வேண்டும். என் முன்னால் சிவப்புப் பெட்டி நிற்கிற மாதிரி இருந்தது.

"இல்லீங்கண்ணா. அக்கா வர்ற வரைக்கும் நானே பாத்துக்கறேனுங்க."

அவர் என்னைப் பார்த்தார். செரி பாரு என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். நான் அடுத்த பிளாப்பியை எடுத்துப் போட்டேன்.

உங்களுக்கு ஆஸ்பத்திரியில் இதைச் சொன்னபோது, "நீயாளா சொன்ன?" என்று தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தீங்க. திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தீங்க. அடுத்த முறை உடம்புக்கு முடியாமல் ஊருக்குப் போய், திரும்பாமலே போய்ச் சேர்கிற வரைக்கும் அங்கேதான் இருந்தீங்க. அந்த நாளெல்லாம் எனக்குக் கிடைத்ததே என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். அழுகை வருகிற நாளும் உண்டு. ஆனால் அதிக நாள் உங்க கூடப் பேசிக்கொண்டேதான் வேலை பார்க்கிறேன்.

இப்போது புதுக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. அதன் மவுஸில் உருண்டையே கிடையாது, அடியில் சிவப்பு வெளிச்சம்தான். டிசைன் மட்டும் பழையதிலேயே இருக்கட்டும் என்று கேட்டு வைத்துக்கொண்டேன். அதுவும் நிரம்பிவிட்டது. ஓடாத டிசைனையெல்லாம் அழித்துவிடு என்று அண்ணன் இன்றைக்குச் சொன்னார். ஒவ்வொன்றாகப் பார்த்து, வெளிச்சத்தை நகர்த்தி, அழித்துக்கொண்டே கீழே போனேன்.

கடைசியில் யானைக்குட்டி வந்தது. அதை யாரும் கேட்டு எத்தனையோ நாளாயிற்று. புதுப் பொட்டின் மேல் விரல் வைத்து அமுக்கினேன். பெட்டி வந்து கேட்டது.

வெளிச்சம் நீங்க நிறுத்திய இடத்தில், 'இல்லை'யில்தான் நின்றது. நான் நகர்த்தவில்லை. அப்படியே என்டர் தட்டினேன்.