கையைக் கொடு, பேசாதே

ஜூன் 12, வியாழன்

அம்மா நைட் டியூட்டி முடிந்து காலையில் வந்தாள். செருப்பைக் கழற்றியதும் வழக்கம்போல என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நேத்து பரீட்சை எப்படி எழுதின?"

சொல்ல வாயைத் திறந்தேன்.

"பேசாத."

கேள்வியும் கேட்டு, பதிலையும் தடை செய்யும் இந்த முறை வேறு எந்த வீட்டிலும் நடைமுறையில் இல்லை என்று நினைக்கிறேன். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கையை விட்டாள், தூங்கப் போனாள். திருடனைப் பிடிக்கும் போலீஸ்காரர்கூடக் கொஞ்சம் பேச விடுவார்.

பரீட்சை நன்றாக எழுதினேன். இங்கேயாவது சொல்லி வைக்கிறேன்.

ஜூன் 16, திங்கள்

இன்று வகுப்பில் ஒவ்வொருவரும் என்ன ஆகப் போகிறோம், ஏன் என்று எழுந்து சொல்ல வேண்டும் என்றார் வழிகாட்டி ஆசிரியை. ஜன்னலோரம் உட்கார்பவள் எழுந்தாள்.

"நர்ஸ் ஆகணும் மிஸ். மெழுகுவர்த்தி மாதிரி உருகி மத்தவங்களுக்கு வெளிச்சம் குடுக்கணும்."

ஆசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது. "கரண்டு இருக்குற ஊர்ல எதுக்குடி மெழுகுவர்த்தி?" என்றது பின் பெஞ்சு. அந்தக் கணம் முதல் அவள் பெயர் மெழுகுவர்த்தி.

அதோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. கோடை விடுமுறையிலிருந்து சனிக்கிழமைதோறும் ஆஸ்பத்திரிக்கு உதவிக்குப் போகிறாளாம். மூன்றாம் மாடி வார்டாம். "அங்க ஒரு சிஸ்டர் இருக்காங்க மிஸ். எவ்ளோ பொறுமை தெரியுமா! என்னைக் கண்ணுன்னுதான் கூப்பிடுவாங்க. அவங்கள மாதிரி ஆகணும்." சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

மூன்றாம் மாடி சிஸ்டர் என் அம்மா. என்னை அவள் கூப்பிடும் பெயர் "ஏய்".

அடுத்து என் முறை. வக்கீல் என்று சொல்வதாக இருந்தேன். அதற்கு நல்ல வாக்கியம் ஒன்றுகூடத் தயாராக இருந்தது. எழுந்து, "நர்ஸ்" என்றேன். வகுப்பு சிரித்தது. சிரித்தது நியாயம்தான். போன வருஷம் பக்கத்தில் இருந்தவளுக்கு மூக்கில் ரத்தம் வந்தபோது, முதலுதவிப் பெட்டி எடுத்து வருகிறேன் என்று கிளம்பி நூலகத்தில் போய் உட்கார்ந்துகொண்டவள் நான்.

"ஏம்மா?" என்றார் ஆசிரியை.

"யோசிச்சுச் சொல்றேன் மிஸ்."

ஜூன் 17, செவ்வாய்

யோசித்தேன். சேவை என்று சொல்ல முடியாது, அதை மெழுகுவர்த்தி எடுத்துக்கொண்டுவிட்டாள்.

வீட்டில் சொன்னேன். அம்மா வாய்விட்டுச் சிரிக்கவில்லை, அதற்கு நேரமில்லை. "நீயா? சாப்ட்ட தட்டை எடுத்து வைக்க மாட்ட நீ."

அப்பாவுக்கு மட்டும் சந்தோஷம். தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவர். வீடு வீடாகப் போய் ஊரின் தாகத்தைக் குறித்துக்கொண்டு வருபவர். எதைச் சொன்னாலும் தன் கல்யாணக் கதையில் கொண்டுவந்து முடிப்பார். முடித்தார்.

"ஆஸ்பத்திரியில படுத்திருந்தேன். உங்கம்மா அப்ப புது நர்ஸு. வந்து கையப் பிடிச்சா பாரு, விடவே இல்ல. மத்தவங்க கைய எல்லாம் டக்குனு விட்டுட்டா. என் கைய மட்டும் விடல. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

இந்தக் கதைக்கு அம்மா எப்போதுமே பதில் சொல்வதில்லை. வெட்கம் என்பது அப்பாவின் விளக்கம்.

அப்பாவின் கையைக்கூட விடாமல் பிடித்திருக்கிறாள். அவர் நோயாளியாக இருந்தபோது.

ஜூலை 5, சனி

நானும் ஆஸ்பத்திரிக்கு உதவிக்குப் போன முதல் நாள். வார்டுக்குள் அம்மா என்று கூப்பிடக்கூடாது, சிஸ்டர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. கூப்பிட்டேன். திரும்பிய முகத்தை நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வரும் முகம் அல்ல அது. வீட்டுக்கு வருவதற்கு முன்னால் எங்கேயோ கழற்றி வைத்துவிட்டு வரும் முகம்.

குரலும் வேறு. ஒரு கிழவிக்கு மாத்திரை கொடுக்கக் கெஞ்சினாள், கொஞ்சினாள், ஒரு பாட்டு வரிகூடப் பாடினாள். என் அம்மாவுக்குப் பாட வரும் என்பது பதினேழு வயதில் எனக்குக் கிடைத்த செய்தி. பிறகு அந்தக் கிழவிக்குத் தலை சீவிவிட்டாள், சிக்கை விரலால் எடுத்து, வலிக்காமல்.

எனக்குக் கடைசியாக எப்போது சீவிவிட்டாள் என்று யோசித்தேன். நானே சீவிக்கிறேன் என்று சீப்பைப் பிடுங்கிய நாள் ஞாபகம் வந்தது. அதை எழுதாமல் விட்டிருக்கலாம்.

எனக்கு இட்ட வேலை: தண்ணீர்க் குவளைகளை நிரப்புவது. மெழுகுவர்த்திக்கு: படுக்கை விரிப்பது, நாடி பார்ப்பது, மூச்சு எண்ணுவது. "கண்ணு, அந்தக் கடைசிக் கட்டில பாத்துட்டு வா." கண்ணு பார்த்துவிட்டு வந்தாள். நான் குவளை நிரப்பினேன். ஒரு நோயாளிக்குத் தாகம் இல்லை என்றார். அவர்மேலும் கோபம் வந்தது.

ஜூலை 19, சனி

படுக்கை விரிக்கக் கற்றுக்கொண்டேன். மூலையை மடித்துச் செருகும்போது சுருக்கமே இருக்கக்கூடாது. சுருக்கம் படுத்திருப்பவரின் முதுகைப் புண்ணாக்கிவிடும். அம்மா என் மூலையைக் கையால் தடவிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. மெழுகுவர்த்தியின் மூலையைத் தடவிப் பார்த்து "அழகு" என்றாள்.

என்னுடையதுதான் நேராக இருந்தது. அளந்து சொல்லத் தயார்.

ஆகஸ்ட் 2, சனி

இன்று நடந்ததை எழுதினால் மறக்க முடியாது. எழுதாவிட்டாலும் மறக்க முடியாது.

ஜன்னல் பக்கக் கட்டிலில் ஒருவர் இருக்கிறார், ஊர்வல பேண்டு வாத்தியக் குழுவில் டிரம்பெட் ஊதியவர். எண்பது வயது. கால் புண்ணுக்குக் கட்டுப் போட வந்தவர். அம்மாவிடம் நானே போய்க் கேட்டேன்: "சிஸ்டர், நான் மூச்சு எண்ணட்டுமா?" கொஞ்சம் தயங்கிவிட்டு, "சரி" என்றாள்.

அவரிடம் போய் மரியாதையாகச் சொன்னேன். "ஐயா, உங்க மூச்சை எண்ணப் போறேன். எப்பவும்போல விடுங்க."

மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். நெஞ்சு விரியும் அளவுக்கு ஒரு மூச்சு இழுத்தார், கண்ணை மூடினார், அதை மிகமிக மெதுவாக வெளியே விட்டார். அடுத்தது இன்னும் நீளம். பக்கத்துக் கட்டில்காரர் கை தட்டாத குறை. வந்த எண்ணிக்கையை அப்படியே சார்ட்டில் குறித்தேன். அதைப் பார்த்த ஹெட் நர்ஸ் ஓடினார், டாக்டர் ஓடினார், ஆக்ஸிஜன் சிலிண்டர் ஓடியது. அத்தனை குறைவாக மூச்சு விடுகிறவர் மயங்கிக் கிடக்க வேண்டுமாம்.

அவர் மயங்கவில்லை. "எத்தன வந்துச்சு? இந்த வார்டுல யாராவது இதவிட இழுத்திருக்காங்களா?" என்று டாக்டரிடம் கேட்டார்.

அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "கண்ணு, நீ போய் எண்ணிட்டு வா" என்றாள். மெழுகுவர்த்தி போய் அவர் கையைப் பிடித்து எதையோ கேட்டுச் சிரித்தாள், வாட்சைப் பார்த்தாள், சரியான எண்ணோடு வந்தாள்.

துணி அலசும் இடத்தில் அவளிடம் கேட்டேன். கேட்க வேண்டியிருந்தது.

"எப்படிடி?"

"மூச்சை எண்ணுறோம்னு தெரிஞ்சா யாருக்கும் சரியா வராது. நாடி பாக்குற மாதிரி கையப் பிடிச்சுக்கணும். பாத்து முடிச்சும் விடக்கூடாது. அப்ப நெஞ்சு ஏறி இறங்குறத எண்ணணும். உங்கம்மா எனக்கு மொத வாரமே சொல்லிக் குடுத்துட்டாங்க." கையிலிருந்த துணியைப் பிழிந்தாள். "ஏன், உனக்குச் சொல்லலையா?"

இல்லை. எனக்குச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கேட்க மாட்டேன். தொழில் ரகசியத்தை யாருக்குச் சொல்ல வேண்டும் என்பது அவரவர் விருப்பம். கண்ணு என்று இருப்பவளுக்குச் சொல்வார்கள். ஏய் என்று இருப்பவள் டிரம்பெட்காரரிடம் மாட்டிக்கொள்வாள். இயற்கை.

பெத்த பொண்ணுக்குச் சொல்லாம ஊர்ப் பொண்ணுக்குச் சொல்லத் தோணியிருக்கே, எப்படித் தோணுச்சு? நான் என்ன பண்ணிட்டேன்? தட்டு எடுத்து வைக்கலன்னா?

கேட்க மாட்டேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

அம்மா காலையில் வந்தாள். செருப்பைக் கழற்றினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சாப்ட்டியா?"

நான் வாயைத் திறந்தேன்.

"பேசாத." கடிகாரத்தைப் பார்த்தாள்.

அப்போதுதான் —

என் நெஞ்சு ஏறி இறங்குவது எனக்கே தெரிய ஆரம்பித்தது. தெரிந்ததும் கெட்டது. இழுத்தேன், போதவில்லை. விட்டேன், எப்போது மறுபடி இழுப்பது என்று புரியவில்லை. பதினேழு வருஷமாகத் தானாக நடந்த காரியத்தை யாரோ என் கையில் கொடுத்து, நீயே ஓட்டு என்று சொன்னதுபோல.

அம்மா கடிகாரத்திலிருந்து பார்வையை எடுத்து என்னைப் பார்த்தாள்.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

நான் அடுத்த மூச்சோடு போராடிக்கொண்டிருந்தேன்.

"போச்சு போ" என்றாள், பால் பொங்கிவிட்ட மாதிரி. கையை விட்டாள்.

"அவளுக்குச் சொல்லிக் குடுத்திருக்கீங்க. எனக்கு ஏன் சொல்லல?"

"உனக்குச் சொல்லிட்டா நான் உன்கிட்ட எப்படி எண்ணுறது?"

சின்ன வயதில் எனக்கு வீசிங் இருந்தது. இரண்டு முறை அவள் வார்டுக்குக் கீழ் மாடியிலேயே படுத்திருக்கிறேன். எனக்கு நினைவிருப்பது ஜன்னலும் ஒரு பொம்மையும்தான். அம்மா சொன்னாள்: "மூச்சு விட முடியாம உக்காந்திருப்ப. என்னடின்னா நல்லாத்தான் இருக்கேன்ப. ஊசிக்குப் பயந்துக்கிட்டு. உன் வாயக் கேட்டு என்ன பிரயோஜனம்? அதான் கையக் கேட்டேன்."

"இப்ப எனக்கு ஒண்ணும் இல்லையே."

"இல்லன்னு எண்ணித்தான தெரியுது."

தூங்கப் போய்விட்டாள். நான் பள்ளிக்குப் போனேன். கணக்குப் பாடம் முழுக்க மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவர் பாதியில் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அப்ப... அன்னிக்கு என் கைய?"

அடுப்படியிலிருந்து அம்மா: "உங்களுக்கு நிமோனியா. மேல்மூச்சு வாங்கிக்கிட்டு இருந்துச்சு. மறுபடி எண்ண வேண்டியிருந்துச்சு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் அன்னிக்கு."

அந்தக் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அப்பா சாப்பிட்டு முடித்தார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அம்மா என் கையைப் பிடிப்பதை நிறுத்திவிட்டாள். தெரிந்தவளிடம் எண்ணிப் பயனில்லையாம். இப்போது வந்ததும் "சாப்ட்டியா?" என்கிறாள், பதிலைக் கேட்டுக்கொள்கிறாள். நாகரிகமான வீடாகிவிட்டோம்.

இதற்கு முன் மெழுகுவர்த்திமேல் பொறாமை, கிழவிமேல் பொறாமை. இப்போது போன மாதம் வரைக்கும் ஒன்றும் தெரியாமல் கையைக் கொடுத்துக்கொண்டு முணுமுணுத்தவள்மேல். அவளுக்கு எவ்வளவு கிடைத்தது! அவளுக்கு அது தெரியாது, அசடு.

செப்டம்பர் 13, சனி

டிரம்பெட்காரர் மறுபடி சேர்ந்திருக்கிறார். பார்த்ததும் பொத்தானைப் போட்டார். "இன்னிக்கு உண்டா?"

"இன்னிக்கு நாடி மட்டும்தான் ஐயா." கையைப் பிடித்தேன். "கடைசியா எந்தக் கல்யாணத்துல ஊதினீங்க?"

உற்சாகமாக ஆரம்பித்தார்.

"பேசாதீங்க."

"கேள்வி கேட்டுட்டுப் பேசாதன்னா?"

"எங்க வீட்ல அப்படித்தான்."

சிரித்துக்கொண்டே ஜன்னலைப் பார்த்தார். நான் வாட்சுக்கு மேலாக அவர் சட்டையைப் பார்த்தேன். ஜோராக இருப்பதாகத்தான் வந்ததும் சொல்லியிருந்தார். சட்டை வேறு சொன்னது. வேகவேகமாக, மேலோட்டமாக, மாடிப்படி ஏறி வந்தவர்போல. எண்ணி முடித்தேன். நம்பாமல் மறுபடி எண்ணினேன். அவர் கை என் கையிலேயே இருந்தது, சூடாக. வாய் ஜோர் என்கிறது, நெஞ்சு இல்லை என்கிறது. எத்தனையோ புத்தகம் படித்திருக்கிறேன்; இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து எதையும் படித்ததில்லை.

அம்மாவிடம் எண்ணைச் சொன்னேன். அவளே போய் ஒரு தரம் எண்ணினாள். டாக்டரைக் கூப்பிட்டாள். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறதாம். இப்போதே தெரிந்தது நல்லதாம்.

"சரியா எண்ணியிருக்க" என்றாள் அம்மா. கண்ணு இல்லை. ஏயும் இல்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது படிக்கட்டில் மெழுகுவர்த்தி சொன்னாள்: "உனக்கென்னடி, நீ வீட்டுக்குப் போனாலும் அவங்க வருவாங்க." என்மேல் பொறாமைப்படுகிற ஒருத்தியை வெறுப்பது கஷ்டம். ஆனாலும் முயற்சி செய்கிறேன்.

ஜனவரி 20, செவ்வாய்

நர்ஸிங் கல்லூரி நேர்முகம். எனக்கு முன்னால் போனவள் மெழுகுவர்த்தி, உருகிவிட்டுத்தான் வந்திருப்பாள். நடுவில் உட்கார்ந்திருந்த முதல்வர் அம்மாள் கேட்டார்: "ஏன் நர்ஸ் ஆகணும்?"

மனப்பாடம் செய்துவைத்த பதில் ஒன்று இருந்தது.

"பொறாமை மேடம்."

"யார் மேல?"

"பேஷண்ட்ஸ் மேல. எங்கம்மா நர்ஸ்."

ஓரத்தில் இருந்தவர் சிரித்தார். முதல்வர் சிரிக்கவில்லை. "இப்ப அது போயிடுச்சா?"

"இல்ல மேடம். ஆனா வேலை பிடிச்சுப் போச்சு. ஒருத்தர் நல்லாருக்கேன்னு பொய் சொல்லும்போது அது பொய்யின்னு தெரியுது. அது பிடிச்சிருக்கு."

எதையோ குறித்துக்கொண்டார். கையெழுத்தைத் தலைகீழாகப் படிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

கிடைத்துவிட்டது. அவளுக்கும். விடுதியில் ஒரே அறை கேட்கலாமா என்கிறாள். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். கேட்கத்தான் போகிறேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

மதியம். அம்மா நைட் டியூட்டி முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தாள். இந்த வாரம் முழுக்க ஆள் குறைவாம். இரண்டு பேர் வேலையை ஒருத்தியே பார்க்கிறாள். காலையில் வீட்டு மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்றாள். கேட்டதற்கு "நல்லாத்தான் இருக்கேன்" என்றாள்.

நான் சாப்பிட்ட தட்டை எடுத்துக் கழுவி வைத்தேன். பிறகு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "நாடியா, மூச்சா?"

"நாடி."

"பொய்யி." கையை இழுத்துக்கொள்ளவில்லை. "எத்தனடி வருது?"

"பேசாத" என்றேன்.