எந்தக் கொடியும் இல்லாத சுவர்

சுவருக்குச் சாயம் பூசிய என் மதினி மருதாயிக்கு,

நீங்க போன பிறகு உங்களுக்கு நான் எழுதுற முதல் கடிதம் இது. எழுத்து பெருசு பெருசாத்தான் வரும். நான் படிச்ச படிப்பு உங்களுக்குத் தெரியும். ஆனா மறதி மட்டும் எனக்கு இன்னும் வரல.

இப்ப நான் மகளோட ஹட்டன்ல இருக்கேன். பௌர்ணமிக்கு விடுற போயா லீவு நாள்ல, நூலகத்து மேல்மாடியில வசந்தின்னு ஒரு சித்திர டீச்சர் நவீன ஓவியங்களைச் சுவர்ல காட்டிப் பேசுறாங்க. யாரும் போகலாம். "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?"னு மக கேட்டா. "வேற எந்த வயசுல எனக்கு நேரம் இருந்துச்சு?"னு சொல்லிட்டு, சால்வையப் போர்த்திக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

எல்லாப் படமும் எனக்குப் பிடிக்குதுன்னு நினைச்சுக்காதீங்க. ஒரு படத்துல பொம்பளைக்குப் பாதி முகம் பச்சை. "காய்ச்சலா டீச்சர்?"னு கேட்டேன். அவங்க சிரிக்கல. "பார்த்தா உங்களுக்கு என்னம்மா தோணுது?"ன்னாங்க. எரிச்சலாத்தான் இருக்குன்னேன். "அதுவும் ஒரு பதில்தான்"னாங்க. வேலைக்குப் பேர் கூப்பிடுற பெரட்டுக்களத்துல விடியக்காலம் நின்னப்போ, உனக்கு என்ன தோணுதுன்னு நம்மள யாராவது கேட்டாங்களா மதினி?

போன போயாவுக்கு ஒரு படம் போட்டாங்க. மேல நீலம், கீழ செங்காவி, நடுவுல பட்டையாக் கறுப்பு. மரமில்ல, மனுசரில்ல, அவ்வளவுதான் படம். நான் நாற்காலி நுனிக்கே வந்துட்டேன்.

பின் வரிசையில இருந்து ஒரு குரல்: "டீச்சர், இது எந்தக் கட்சிக் கொடி?"

எல்லாரும் சிரிச்சாங்க. நான் திரும்பிப் பார்க்காமலே எந்திரிச்சேன். அந்தக் குரல் எனக்குத் தெரியாதா? நம்ம தேயிலைத் தோட்டத்துல தொழிலாளர் சங்கத் தலைவரா இருந்த அதே ராமையாதான். பல்லுப் போயிருச்சு, மிடுக்குப் போகல.

"ராமையாண்ணே, இதே கேள்விய எங்க மதினி வாசல்ல நின்னும் கேட்டீங்க."

"அட, அதெல்லாம் எந்தக் காலத்துக் கதை. இன்னுமா மனசுல வச்சிருக்க?"

"வச்சிருக்கேன். உங்களப் பார்த்தா எடுத்துக் காட்டலாம்னு பத்திரமா வச்சிருக்கேன்."

அங்கேயே எல்லாத்தையும் சொன்னேன். தீபாவளிக்கு லயத்து வீட்டு வரிசையே சுண்ணாம்பு அடிச்சுச்சு. நீங்க மட்டும் உங்க ஒத்தை அறைக் காம்பராச் சுவருக்கு, சுண்ணாம்புல துணிக்குப் போடுற நீலத்தைக் கலந்து மேல அடிச்சீங்க. கீழ காவி. நடுவுல அடுப்புக் கரியக் குழைச்சு ஒரு பட்டை. நம்ம தோட்டத்துல நிறம்னு ஒண்ணு சும்மா இருக்குமா? எல்லா நிறத்துக்கும் ஒரு சங்கம், ஒரு கட்சி. எந்தக் கொடின்னு கேட்டாங்க. "கொடி இல்லைங்க, பார்க்க நல்லா இருந்துச்சு"ன்னீங்க. யாரும் நம்பல. மறுநாள் நீங்க மலையில கொழுந்து எடுக்கிற நேரமாப் பார்த்து, இந்த ராமையா வாளியோட ஆள் அனுப்பி வெள்ளையடிச்சுட்டாரு. உங்க வீட்டுக்காரர், எங்க அண்ணன், தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னாரு. அதையும் நான் மறக்கல.

சாயங்காலம் வந்து சுவரப் பார்த்தீங்க. கூடைய இறக்கி வச்சீங்க, அடுப்பப் பத்த வச்சீங்க. அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் வெள்ளை மட்டுந்தான் அடிச்சீங்க. உங்க மேல எனக்கு இருக்கிற கோவம் அதுதான். ஒரு வாளிச் சுண்ணாம்புக்கு ஏன் மதினி அடங்கிப் போனீங்க?

டீச்சர் நாற்காலிய இழுத்து என் பக்கத்துல உட்கார்ந்தாங்க. அப்புறம், "அந்தச் சுவரை வரைஞ்ச ஓவியர் பேர் என்ன?"ன்னாங்க. ஓவியர்! இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கிட்டேன். மருதாயின்னு சத்தமாச் சொன்னேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கையில ராமையா பின்னாலயே வந்தாரு. "நடுவுல இருந்தது வெறும் அடுப்புக் கரியா? தீபாவளியும் அதுவுமா, தோட்ட நிர்வாகத்தை எதிர்த்துக் கறுப்புக் கொடி காட்டுறாங்கன்னு நினைச்சேன். தோட்டத்து மேனேஜர் துரைக்குத் தெரிஞ்சா லயத்துக்கே வேலை போயிருமேன்னு பயந்துட்டேன்"னாரு. அந்த மனுசனும் பயந்திருக்காரு பாருங்க. கேட்டதும் எனக்குக் கொஞ்சம் இளகிச்சு. கொஞ்சந்தான். மன்னிக்கல.

இப்ப அதே காம்பராவுல இருக்கிற உங்க மகன் குமாருக்குப் போன் போட்டு, இந்தத் தீபாவளிக்கு உங்கம்மா சுவரப் பழையபடி அடிக்கப் போறேன்னேன். "ஐயோ அத்தை, தேர்தல் வருது. என்ன கொடின்னு கேப்பாங்க"ன்னான். இன்னும் அதே கேள்விதான் மதினி. கேக்கட்டும்னு சொல்லிட்டேன். இந்த முழங்காலோட ஏணியில ஏற முடியாது. ஸ்டூல்ல ஏறுவேன். குமார் பிடிச்சுக்குவான். பிடிக்கலைன்னாலும் ஏறுவேன்.

ராமையாவையும் வரச் சொல்லியிருக்கேன். அன்னைக்கு அனுப்புன வாளிய இன்னைக்கு அவரே தூக்கணும். முதல்ல முறைச்சாரு. அப்புறம், கரிய நானே அரைச்சுக் கொண்டாரேன்னாரு.

நீங்க அதைப் படம்னு நினைச்சுப் பூசுனீங்களா, இருந்த சாயத்தை வீணாக்காமப் பூசுனீங்களா? எனக்குத் தெரியாது. இனிக் கேட்கவும் முடியாது. ஆனா ஒண்ணு சத்தியம். சுவர் காயுற வரைக்கும் வாசல்ல நாற்காலி போட்டு நான் உட்கார்ந்திருப்பேன். இது என்னன்னு யாராவது கேட்டா விளக்கம் சொல்ல மாட்டேன். பார்த்தா உனக்கு என்ன தோணுதுன்னு திருப்பிக் கேப்பேன். வாளியோட வந்தா, என்னையும் சேர்த்து வெள்ளையடிச்சுட்டுப் போகட்டும்.

உங்க மேல இன்னும் கோவம் தீராத,
உங்க நாத்தனார்
அன்னக்கிளி