நம்பர் இல்லாத புத்தகம்

தெரணியகலை,
12.10.1975

அன்பு மகளுக்கு,

உடற்கூற்றியல் நூலை உன் சீனியர் சிவனேஸ்வரியிடம் இந்தத் தவணைக்கு மட்டும் வாடகைக்கு எடுப்பதா, புதிதாக வாங்குவதா என்று கேட்டிருந்தாய். வாங்கு. அதற்கான பணத்துக்குக் காசுக்கட்டளையை இத்துடன் இணைத்துள்ளேன்.

வாடகை நூலில் கோடிடக் கூடாது என்பது விதி. நீ விதியை மீற மாட்டாய்; ஆனால் கோடிடாமல் படிக்கவும் உனக்கு வராது. இறுதி ஆண்டிலும் அந்நூல் தேவைப்படும்.

தேயிலைத் தோட்டம் அரசாங்கத்தின் வசமானதை அறிவாய். புதிய நிர்வாகம் என் இடத்துக்குத் தனக்கென ஒரு பெரிய கிளாக்கரை அழைத்து வந்திருக்கிறது. எனவே திங்கட்கிழமை நாம் குடியிருந்த குவாட்டர்ஸை முறைப்படி ஒப்படைத்தேன். ஸ்டோர் பேச்சிமுத்து பட்டியலுடன் வந்து, மேசை, கட்டில், அலுமாரி ஒவ்வொன்றிலும் பெயின்டில் எழுதியிருந்த தோட்ட நம்பரைச் சரிபார்த்தார். இருபத்திரண்டு ஆண்டுகள் நாம் புழங்கியவை, ஒன்றும் குறையவில்லை.

கடைசியாக உன் பழைய இரசாயனவியல் புத்தகத்தைக் கையில் எடுத்தார்.

"இதுல நம்பரக் காணோமேங்க, ஐயா."

நான் பட்டியலைப் பார்ப்பதற்குள் உன் அம்மா முந்திக்கொண்டாள்.

"மொதப் பக்கத்தப் பாருங்க. எம் மக பேரு இருக்கும். அது எங்களுது."

அந்த வீட்டில் எங்களுடையது என்று சொல்லிக்கொள்ள வேறு சாமான்கள் அதிகம் இருக்கவில்லை.

இனிக் கடிதங்களைக் கடைவீதியில் மாமாவின் கடை விலாசத்துக்கு எழுது. நாங்கள் இப்போது அங்கேதான் இருக்கிறோம்; சௌக்கியம்.

நூல் கைக்கு வந்ததும் முதல் பக்கத்தில் உன் பெயரை எழுதிவிடு. பென்சில் வேண்டாம், மையால் எழுது.

என்றும் உன்
அப்பா