பொதுச் சுவர் வீடுகள்

9 பிப்ரவரி 2004, திங்கள்

மேப்புக்கான டெம்ப்ளேட் முடிந்தது. இதுவரை சர்வேயர்கள் கம்ப்யூட்டரில் வரையும் கேட் (CAD) படத்தை ஆளுக்கொரு மாதிரி அனுப்பினார்கள். ஒருவர் வீட்டையும் சாக்கடையையும் ஒரே லேயரில் போடுவார், இன்னொருவர் லேயருக்குப் பெயரே வைக்க மாட்டார். மேப் சாஃப்ட்வேர் எதையும் ஏற்காது. இனி எல்லாப் படமும் என் டெம்ப்ளேட்டுக்குள் வந்தாக வேண்டும். வீட்டுக்கு ஒரு லேயர், சாலைக்கு ஒன்று, கால்வாய்க்கு ஒன்று. வீடு என்றால் அதன் கோடு முழுதாக மூடியிருக்க வேண்டும்.

மூடாத கோடு வந்தால் சாஃப்ட்வேர் பாதியில் நின்றுவிடுகிறது. அதற்காக ‘மற்றவை’ என்று ஒரு லேயர் வைத்தேன். மூடாததெல்லாம் தானாக அங்கே போய்விடும், மேப் அதைப் படிக்காது. என் யோசனைதான். டிப்ளமோக்காரிக்கும் மூளை உண்டு என்று பி.இ. கூட்டத்துக்கு இன்று தெரிந்திருக்கும்.

17 பிப்ரவரி

ஒரே நாளில் பதினோரு ஷீட். ஒரு எரர்கூட இல்லை.

29 பிப்ரவரி, ஞாயிறு

ஜோகுபாளையத்தில் மரகதம் சித்தி வீட்டுக்குப் போனேன். கால்வாயை அகலப்படுத்தப் போகிறார்களாம், சந்து முழுக்க அதே பேச்சு. “மேப்ல கீற ஊட்டுக்கெல்லாம் வேற ஊடு குடுப்பாங்களாம். நீ மேப் ஆபீஸ்லதானே கீற, நம்ம ஊடு கீதான்னு பாத்து சொல்லு மித்ரா” என்றாள் சித்தி. இருக்கும் சித்தி, எங்கே போகப் போகிறது என்றேன்.

1 மார்ச், திங்கள்

இல்லை.

ஷீட் 23. நானே முடித்து அனுப்பியது. இந்திரா நகர் பக்கம் ஒவ்வொரு வீடும் பளிச்சென்று இருக்கிறது. கால்வாய் ஓரம் வெறும் வெள்ளை. பழைய கேட் படத்தைத் திறந்து பார்த்தேன். சந்து அப்படியே இருக்கிறது, முப்பத்தெட்டு வீடு. அத்தனையும் ‘மற்றவை’யில்.

சர்வேயர் மஞ்சுநாத் மேல் தப்பில்லை. சந்து முழுக்க முன்பக்கம் ஒரே நீளக் கோடு, பின்பக்கம் ஒன்று, நடுநடுவே சுவர்கள். சித்திக்கும் பக்கத்து வீட்டு டோரீன் ஆன்ட்டிக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர், அதை ஒரு தடவைதான் வரைந்திருக்கிறார். இருப்பதை வரைந்தார். கண்ணால் பார்த்தால் முப்பத்தெட்டு வீடு. சாஃப்ட்வேருக்கு ஒன்றுகூட மூடவில்லை. இந்திரா நகர்க்காரனுக்கு நாலு பக்கமும் தனிச் சுவர், அதைச் சுற்றிக் காம்பவுண்டு வேறு. அவன் வீடு வீடு.

ஸ்ரீராம்புரத்தில் எங்க வீட்டுக்கே பக்கத்து வீட்டு இருமல் கேக்கும். எனக்கு எப்படித் தோணாமப் போச்சு? எரர் வரக்கூடாது, அவ்வளவுதான் பாத்தேன் — வேற எதையும் பாக்கல.

3 மார்ச்

ஒவ்வொரு பொதுச் சுவரையும் இரண்டு தடவை வரைந்தேன், இந்த வீட்டுக்கு ஒன்று, அந்த வீட்டுக்கு ஒன்று. முப்பத்தெட்டும் மூடிக்கொண்டன, மேப்பில் ஏறின. மேனேஜர் வெங்கி சாரிடம் காட்டினேன். அந்த ஷீட் டெலிவரி ஆகிவிட்டது, அதை வைத்து மாற்று வீடு கொடுக்கும் பட்டியலும் தயாராகிறது, இப்போது மாற்றிக் கொடுத்தால் முதலில் கொடுத்தது தப்பென்று நாமே சொன்னதாகும், மீதி வார்டுகளின் மேப் வேலை நம் கம்பெனிக்குக் கை நழுவும் என்றார்.

“அங்க ஆளுங்க இருக்காங்க சார். எங்க சித்தி இருக்காங்க.”

“டெம்ப்ளேட் யாரோடது, மித்ரா?”

சார் குரலை உயர்த்தவே இல்லை.

4 மார்ச்

திருத்திய ஷீட்டை நானே கொண்டுபோய்க் கொடுத்தால்? வேலை போகும். அப்பா துப்புரவு வேலையிலிருந்து ரிட்டயர் ஆகி ஒரு வருஷம். வீட்டில் நான் ஒருத்திதான் சம்பாதிக்கிறேன். போகட்டும். கொடுத்தே தீருவேன்.

9 மார்ச்

லீவு போட்டுவிட்டு, திருத்திய ஷீட் இருக்கும் சிடியோடு போனேன். கால்வாய்த் திட்ட அலுவலகத்தில் நாலு மேசை அலைய விட்டார்கள். ஐந்தாவது மேசையில் இருந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். பட்டியல் இன்னும் கையெழுத்தாகவில்லை, திருத்தலாம் என்று கன்னடத்தில் சொன்னார். என் பெயர், கம்பெனி பெயர், என்ன தப்பு நடந்தது, மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார்.

பெயரை எழுதினேன். அதற்கு மேல் எழுதவில்லை. நாளை வருகிறேன் என்று தாளை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

10 மார்ச்

ஆபீஸ் போனேன்.

22 ஜூன்

பட்டியல் ஒட்டிவிட்டார்கள். கால்வாய் ஓரம் “காலி இடம்”. இருபது வருஷ ரேஷன் கார்டைத் தூக்கிக்கொண்டு சித்தி நாலு நாளாக அலைகிறாள். இரண்டு நாள் நானும் கூடப் போனேன். மேப்தான் கணக்கு என்கிறார்கள். கவுண்டரில் நின்று கத்தினேன். அந்த அம்மா இருக்கும் மேசைப் பக்கம் மட்டும் போகவில்லை.

12 ஆகஸ்ட்

இடித்துவிட்டார்கள். டோரீன் ஆன்ட்டி வீட்டை இடித்ததும் சித்தி வீட்டின் ஒரு பக்கம் தானாகத் திறந்துகொண்டது.

6 செப்டம்பர்

டீம் லீடர் ஆக்கியிருக்கிறார்கள். மீதி வார்டுகளுக்கும் என் டெம்ப்ளேட்தான். பொதுச் சுவரை இரண்டு தடவை வரைய வேண்டும் என்று விதி சேர்த்தேன். வெங்கி சார் பாராட்டினார்.

17 அக்டோபர், ஞாயிறு

ஆனேக்கல் போனேன். சித்திக்கு அங்கே ஒற்றை அறை, வாடகை. வீட்டு வேலைக்கு ஜோகுபாளையம் பக்கமே வர வேண்டும், காலையில் இரண்டு பஸ். மெலிந்திருக்கிறாள். எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் போனேன். பக்கத்து வீட்டு வள்ளியம்மாவும் வந்து உட்கார்ந்துகொண்டார்.

“எங்க அக்கா பொண்ணு” என்றாள் சித்தி அவரிடம். “எங்க ஊட்டுக்காக இவ அலைஞ்ச அலைச்சல் எனக்குத்தான் தெரியும். பெத்த பொண்ணுகூட அப்படி சண்ட போடாது.”

இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். சாப்பிட்டேன்.