சூசை படித்த பத்திரம்

1934 ஆவணி, வியாழன் இரவு. வில்லியனூர்.

நொத்தேர் ஐயா பிரெஞ்சில் எழுதும் பத்திரத்தைக் கட்சிக்காரர்களுக்குத் தமிழில் படித்துச் சொல்வது என் வேலை. பேனாவுக்கு மை ஊற்றவும் நாற்காலி இழுத்துப் போடவும் போன மாதம் வந்து சேர்ந்தவன் சூசை; பள்ளியில் கொஞ்சம் பிரெஞ்சு படித்தவன். இன்று ஐயா அவனைப் பார்த்து, "நீ படிப்பா" என்றார். எழுந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உறுவையாற்றுக்காரர் ஒருவர் தன் கரும்புக் கொல்லையில் பாதியைத் தம்பிக்கு விற்கிறார். சூசை இரண்டு வரி படிப்பதற்குள், "இன்னாப்பா சொன்ன, கெணறும் அவனுக்கா பூடுது?" என்றார். பிறகு வரப்பைக் கேட்டார், வேப்பமரத்தைக் கேட்டார். இவனுக்குப் படிக்கத் தெரியவில்லை என்று என் வயிறு குளிர்ந்தது. நான் படித்தால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். கைநாட்டு வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

கிணறு இருவருக்கும் பொது என்று ஐயா பத்திரத்தைத் திருத்தினார்.

கதவைச் சாத்தும்போது என்னிடம் சொன்னார்: "நீ படிச்சா ஒருத்தரும் ஒண்ணும் கேக்கறதில்ல. புரிஞ்சுதான் கைநாட்டு வெக்கிறாங்கன்னு இத்தினி வருஷமா நெனச்சிட்டிருந்தேன். இனிமே சூசையே படிக்கட்டும்."

சூசை என் குடையை எடுத்து நீட்டினான். வாங்காமல் வந்துவிட்டேன். வழியெல்லாம் மழை.

சோறு போட்ட மனைவியிடம், நாளைக்கு நான் வேலைக்குப் போகவில்லை என்றேன்.

"சரி" என்றாள்.

ஏன் என்று கேட்கவில்லை.