கையெடுக்காத கோடு

1944, மார்கழி. செவ்வாய், இரவு.

இன்று டிராயிங் வகுப்பில் புதுப் பாடம். காகிதத்தைப் பார்க்கக் கூடாது, பென்சிலையும் எடுக்கக் கூடாது. எதிரே இருக்கும் முகத்தையே பார்த்துக்கொண்டு ஒரே கோட்டில் வரைய வேண்டும். மாடலாக உட்கார்ந்தவள் ராயப்பேட்டை கன்னியம்மா.

முகவாயோடு நிறுத்தியிருக்கலாம். சிக்குக்கோலம் போட்டுப் பழகிய கை கேட்கவில்லை. ஆரம்பித்த இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் அதற்கு நிம்மதி. புருவத்தில் தொடங்கிய கோட்டைப் புருவத்துக்கே இழுத்து வந்தேன். வருகிற வழியில் அது இரண்டு கண்ணையும் மூடிவிட்டது.

கன்னியம்மா எழுந்து வந்து பார்த்தாள். "இன்னா கண்ணு, ஆம்பள மூஞ்சியா போட்டுக்கீறே? கண்ண வேற மூடிக்கினு கீது." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அங்கேயே கிழித்துப் போட்டிருக்க வேண்டும். ஆத்துக்கு எடுத்து வந்தது என் புத்திகெட்டத்தனம். அம்மா விளக்கடியில் வைத்துப் பார்த்தாள்.

"உங்கண்ணாவை எப்போடி வரைஞ்சே?"

"அண்ணா இல்லேம்மா, அது கன்னியம்மா" என்றேன். அம்மா அந்த மூடிய கண்களை விரலால் தடவினாள்.

ஜப்பான் குண்டுக்குப் பயந்து ரங்கூனிலிருந்து நடந்தே கிளம்பியவர்கள் எத்தனையோ பேர் வந்து சேர்ந்தாயிற்று. அண்ணாவைப் பற்றி மட்டும் ஒரு சேதியும் இல்லை. யார் என்ன சொன்னாலும் அம்மா ஒரு நாள்கூட வாசலில் கோலம் போடாமல் இருந்ததில்லை. துக்க வீட்டில்தானே கோலம் கிடையாது என்பாள்.

மார்கழியில் படுக்கப் போகுமுன் கோலமாவு டப்பாவை வாசற்கதவுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவாள். இப்போது போய்ப் பார்த்தேன். அங்கே இல்லை. பரண்மேல் ஏற்றி வைத்திருக்கிறாள்.